ஆடு எடுத்து வைத்த முதல் அடி

காரைக்கால் பக்கத்தில் போலீசுக்குப் பயந்தவர்களைவிட எங்கள் செக்‌ஷன் சாருக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். போலீஸ் தப்பு செய்தவனைத்தான் தேடும். செக்‌ஷன் சாரோ தப்பே செய்யாதவனுக்கும் ஒரு செக்‌ஷன் வைத்திருப்பார்.

கோர்ட் வாசலில் மனு டைப் அடித்து ஓய்ந்தவர். நெடுங்காட்டில் எங்கள் பக்கத்து வீடு. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். பூப்பறிக்கும் பெண்ணிடம், "செடியில இருக்கிற வரைக்கும் அது நிலத்தோட சேந்ததும்மா. கிள்ளுன நிமிஷம் அசையும் சொத்து. அடுத்தவங்க செடின்னா திருட்டு. மூணு வருஷம் ஜெயில்!" என்பார். அந்தப் பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடும். வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் ஏழு வருஷம் என்று கேட்டதிலிருந்து, பக்கத்து வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி இரண்டு கையையும் கட்டிக்கொண்டே நுழைவாள்.

ஊரைப் பயமுறுத்தினாரே தவிர, அவருக்குத்தான் பயம் அதிகம். அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பதென்றால் முதலில் மாட்டுக்காரரின் சம்மதம், பிறகு இரண்டு சாட்சி. கீரையை நீட்டும்போது மாடு ஓர் அடி முன்னால் வைத்துவிட்டால் அலறிக்கொண்டு பின்வாங்குவார். மாடு இன்னும் இரண்டடி வரும்.

"தீனி காட்டி நகத்துனாலும் திருட்டுதான் தம்பி. சட்டத்துலயே நாயை வச்சு உதாரணம் போட்டிருக்கான். மொத அடி எடுத்து வச்சதுமே திருட்டு முடிஞ்சிருச்சு!"

விழுந்து விழுந்து சிரித்தவன் நான். அதெல்லாம் தை அமாவாசை வரைக்கும்தான்.

அன்று காலை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊரில் கீரை வாங்கி ஸ்கூட்டரின் பின்னால் கட்டினேன். வழியில் பஞ்சர். தள்ளிக்கொண்டே வீடு வந்து திரும்பிப் பார்த்தால் கீரைக்கட்டில் பாதியைக் காணோம். பின்னால் ஒரு கறுப்பு வெள்ளாடு நிதானமாக மென்றுகொண்டு நின்றது. "ரோட்டுல அடிபட்டுறப் போவுதுங்க" என்று மனைவி அதைக் கொல்லையில் கட்டி, கேட்டையும் பூட்டினாள்.

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த செக்‌ஷன் சாருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தீனி காட்டி, நகத்தி, கட்டி, கேட்டையும் பூட்டி..." விரல் விட்டு எண்ணினார். "ஸ்டேட்டையும் தாண்டியாச்சு. தமிழ்நாடு, புதுச்சேரின்னு ரெண்டு போலீஸ் தம்பி!"

அந்த வாரம்தான் என் அரசு வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் வரவேண்டும். வயது வரம்பின் விளிம்பில் கிடைத்த வேலை. ஒரு புகார் விழுந்தால் போச்சு. ஆடு கத்தும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கத்துவதுபோலவே இருந்தது. அதற்குள் பால்காரர் சேதி கொண்டுவந்தார். ஆட்டுக்காரம்மா எல்லையில் நின்று அழுகிறாளாம், அவள் அண்ணன்மார் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறார்களாம்.

"நான் கெட்ட எண்ணத்துல செய்யலையே சார்!"

"கெட்ட எண்ணம் இல்லேன்னா திருட்டே இல்ல. ஆனா உன் நெஞ்சைப் பொளந்தா காட்டுவே? கெளம்பு. அவங்க ஸ்டேஷன் படி ஏறுறதுக்குள்ள குடுத்துரணும்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். அவரும் கூடவே வந்தார். எதிரே ஒரு போலீஸ் ஜீப் கடந்தபோது எங்கள் இருவருக்கும் மூச்சே இல்லை. ஆடு மட்டும் அசைபோட்டது.

எல்லையில் கூட்டம். அண்ணன்மார் இருவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். ஒருவன் செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"எவன்டா ஆட்டை ஓட்டிகிட்டுப் போனது?"

செக்‌ஷன் சார் என் கையிலிருந்து கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"நாந்தாங்க. இந்தத் தம்பிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. என்னையப் படம் எடுங்க."

குரலும் நடுங்கியது, கையும் வெடவெடத்தது. அண்ணன்மாருக்கே பாவமாகிவிட்டது. ஆட்டுக்காரம்மா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "விடுங்கண்ணே, அதான் வந்துருச்சுல்ல. போயிட்டு வாங்க பெரியவரே" என்றாள்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னீங்களே, அதுல மாட்டியிருந்தா என்ன சார் ஆகியிருக்கும்?"

"மூணு வருஷம்," என்றார். "தெரிஞ்சுதான் சொன்னேன். எனக்கு என்ன, இனிமேயா வேலை கெடைக்கப் போவுது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னமும் நடுங்கிக்கொண்டிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவே இல்லை.