வவுச்சரைக் காசாக்கிய அக்கா

குலாய் வட்டாரத்துப் பேரங்காடிகளில் காசாளர்கள் எல்லாரும் பயந்த ஒரே வாடிக்கையாளர், அங்கே எதையுமே வாங்காத ஒருவர். எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் வேலை பார்த்த அந்த அம்மாளை எல்லாரும் வவுச்சர் அக்கா என்போம். சம்பளக் கணக்குப் பார்க்கும் எனக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எங்கள் நிர்வாகத்துக்கு அன்பளிப்பு என்றாலே வவுச்சர்தான். தீபாவளிக்கு வவுச்சர். லீவு எடுக்காமல் வந்தால் வவுச்சர். கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால் பழக்கூடையோடு ஒரு வவுச்சர். வீட்டு வாடகை கட்ட வேண்டியவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கடையில் காசாக மாற்றித் தரமாட்டார்கள். தொழிலாளர் விடுதிக்குப் பின்னால் ஒருவர் மாற்றித் தருவார், பத்து வெள்ளி வவுச்சருக்கு எட்டு வெள்ளிக் காசு. அக்காவிடம் கொடுத்தால் வெள்ளிக்கு வெள்ளி. தமக்கென்று ஒரு சென் எடுக்கமாட்டார்.

"காசுன்னா காசு. அது மேல கடைக்காரன் பேரு எதுக்கு லா?" என்பார்.

அவர் வழி சுலபமானது. சனிக்கிழமை சாயங்காலம் பேரங்காடிக்குப் போவார். வரிசையில் யாருடைய தள்ளுவண்டி நிறைந்திருக்கிறதோ அவர் பக்கத்தில் போய் நிற்பார். "உங்க காச எங்கிட்ட குடுங்க, உங்க பில்லுக்கு நான் இந்த வவுச்சரக் குடுக்கிறேன்" என்பார், மலாய்க்காரரிடம் மலாயில், சீனரிடம் கையால். முதலில் எல்லாரும் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா விடமாட்டார்.

ஒத்துக்கொண்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். அக்கா அவர்கள் வண்டிக்குள் கைவிட்டுச் சோதனை போடுவார்.

"எங்க பொண்ணுங்க காய்ச்சலோட வேலைக்கு வந்து வாங்கின வவுச்சர் இது. இந்தக் கலர் தண்ணிக்கா போகணும்? எடுத்து வைங்க."

ஒரு தடவை பருமனான சீனக் கிழவர் ஒருவருடைய வண்டியிலிருந்து ஆறு போத்தல் சோடாவை இறக்கிவிட்டுப் பப்பாளியை ஏற்றினார். துணைக்குப் போயிருந்த நான் சண்டை வரும் என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன். அடுத்த சனிக்கிழமை அந்தக் கிழவர் அக்காவைத் தேடி வந்து, வீட்டுப்பாடம் காட்டும் பிள்ளையைப் போல் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

அந்த வருஷம் கம்பெனி விருந்தில் குலுக்கலின் முதல் பரிசு தேவகிக்கு விழுந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பெண். அப்போதுதான் கோத்தா திங்கியில் வெள்ளம் ஏறி, அவள் அம்மா வீட்டில் மெத்தையிலிருந்து அரிசிப்பானை வரை போயிருந்தது. பரிசு, தங்காக்கில் ஒரு பட்டுச்சேலைக் கடையின் இரண்டாயிரம் வெள்ளி வவுச்சர். ஒரே பில்லில் தீர்க்க வேண்டும், மீதி கிடையாது. எல்லாரும் கைதட்ட, தேவகி மேடையை விட்டு அழுதுகொண்டே இறங்கினாள்.

மறுநாள் அக்கா தேவகியின் வவுச்சரோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை உனக்கு வேல ஒண்ணும் இல்லதானே?"

"இருக்குக்கா."

"அப்ப எட்டு மணிக்கே வந்துரு."

தங்காக் கடையில் எங்களுக்கு முதலில் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். நாங்கள் எதுவும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்ததும் மரியாதை குறைந்தது. வந்தவர்கள் எல்லாம் ரவிக்கைத் துணி, கைக்குட்டை என்று சில்லறையாக வாங்கிப் போனார்கள். சும்மா இருக்க முடியாத அக்கா, மதியத்துக்குள் விற்பனைப் பெண்களோடு சேர்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் லாபிஸிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, மணப்பெண். அப்பா நேரே கனத்த சரிகை போட்ட சேலையைக் காட்டினார். விலை, வவுச்சருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அக்கா விஷயத்தைச் சொன்னார். கடைக்காரரும் வவுச்சர் செல்லும் என்று தலையாட்டினார்.

"யார்கிட்டக் குடுத்தா என்ன, காசாத்தான் கொண்டாந்திருக்கேன்" என்றார் அப்பா.

எனக்கு அப்போதே காரில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அக்கா, கண்ணாடி முன்னால் சேலையைத் தோளில் போட்டு நின்ற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனார். நானும் சேலையைப் பிடிக்கிற சாக்கில் போனேன்.

"பிடிக்கலையாம்மா?"

"அழகாத்தான் இருக்கு ஆன்ட்டி. அப்பா இதுக்காக மோட்டார் சைக்கிள விக்கிறாரு. முன்பணம் வாங்கிட்டாரு, நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் எதுல வேலைக்குப் போவாரு? கேட்டா அதட்டுறாரு."

அக்கா கையிலிருந்த வவுச்சரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்பாவிடம் போனார்.

"அண்ணே, இந்தச் சேல வேணாம். மாலையையும் போட்டு இந்தக் கனத்தையும் சுத்தினா, தாலி கட்டுறதுக்குள்ள புள்ள உக்காந்துரும். மெல்லிசா எடுங்க. பொண்ணு முகம் தெரியணும், சேலையா தெரியணும்?"

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம் பேசி, பாதி விலைக்கும் குறைந்த ஒரு மாம்பழ நிறப் பட்டுச்சேலையை, அப்பாவே தேர்ந்தெடுத்த மாதிரி எடுக்கவைத்தார். "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் அப்பா. அவர் மனைவி திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மணப்பெண் அக்காவின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

நான் அக்காவின் காதருகே போனேன். "மீதி வவுச்சர் வீணாப் போகுமேக்கா. தேவகிக்கு என்ன சொல்றது?"

அக்கா கடையைச் சுற்றிச் சுற்றி வந்து, படுக்கை விரிப்பும் தலையணையும் அடுக்கியிருந்த பின்பக்கத்தில் நின்றார். திடீரென்று தேவகிக்குப் போன் போட்டார்.

"அம்மா வீட்டுல என்னென்ன நனைஞ்சுச்சு?"

"எல்லாந்தான்க்கா."

"எல்லாம்னு ஒரு சைஸ் இல்ல. கட்டில் என்ன சைஸ்? எத்தன ஜன்னல்?"

அரை மணி நேரத்தில் படுக்கை விரிப்பு, தலையணை, துண்டு, ஜன்னல் திரை, தேவகி அம்மாவுக்குக் கட்டிக்கொள்ளக் கைலி என்று மேசை நிறைந்தது. கல்யாணச் சேலையும் அதே பில்லில். சேலைக்கான காசை அப்பா அக்காவிடம் கொடுத்தார். தேவகி அம்மாவுக்கு ஒரு நல்ல மெத்தை வாங்க அது தாராளமாகக் காணும். அப்பாவோ மோட்டாரைக் கேட்டவருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

திரும்பும்போது என் சின்னக் காரின் பின்னிருக்கை கூரை வரை நிறைந்திருந்தது. இடம் போதாமல் ஒரு தலையணையை அக்கா மடியில் வைத்துக்கொண்டார். மூவார் தாண்டும் முன்பே பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், தலையணையைக் கட்டிக்கொண்டு வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் வானொலியை அணைத்தேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போனது. முந்துவதற்கு எத்தனையோ முறை வழி கிடைத்தது. குலாய் வரும்வரை அதன் பின்னாலேயே ஓட்டினேன்.