மிஸ்டர் றொட்ரிகோ நடக்கப் போகிறார்

என் மனைவிக்கு நானே ஆங்கிலம் படிப்பிப்பது என்று முடிவெடுத்தேன். நோக்கம் ஒன்றுதான். இந்தப் பிறவியில் அவள் ஆங்கிலம் கதைத்துவிடக் கூடாது.

விளக்கமாகச் சொல்கிறேன். என் பெயர் பொன்னம்பலம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துத் தலைமைக் கிளாக்கராக ஓய்வு பெற்றவன். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் எந்த வீட்டுக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது முதலில் என் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால்தான் வரும். லிஃப்ட் பழுது என்று நான் எழுதிய கடிதத்தை லிஃப்டுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் இன்னமும் பழுதுதான். ஆனால் கடிதத்தில் ஒரு பிழை இல்லை.

சிங்களத்தில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர். வாள் என்று அர்த்தம். இருக்கிறவன் இல்லாதவனை வெட்டுவதற்கு. கந்தோரில் பெரிய துரைமார் என்னை வெட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து என் மனைவி ஜெகதீஸ்வரியை வெட்டினேன்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குச் சீனி வருத்தம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பொரளையில் ஒரு பெரிய டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி இலக்கம் எடுத்து, பார்க்கிறோம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஜெகதீஸ்வரியும் வருவாள். டொக்டர் சிங்களவர், தமிழ் தெரியாது. இவளுக்கு ஆங்கிலம் தெரியாது. இவளுடைய சிங்களம் மீன்காரனோடு விலை பேசப் போதும். என் சிறுநீரகம் வரைக்கும் எட்டாது. ஆகவே நோயாளியும் நான், மொழிபெயர்ப்பாளனும் நான். குற்றவாளியின் கையிலேயே தீர்ப்பைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அவன் தனக்குத் தூக்கு என்றா வாசிப்பான்?

முதல் நாள் டொக்டர் ஆங்கிலத்தில் அரைமணி நேரம் என்னைப் பயமுறுத்தினார். சோற்றைக் குறை, மாப் பண்டத்தை விடு, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே, தினமும் வேகமாக நட, மனைவியையும் கூட்டிக்கொண்டு நட.

"என்னவாம் அப்பா?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"பின்னேரத்திலை நடக்கட்டாம். தனிய."

"தனியவோ?"

"ஆள் துணைக்கு வந்தால் கதையிலை வேகம் குறைஞ்சு போயிடுமாம்."

"சோறு?"

"மத்தியானம் கட்டாயம் வேணுமாம். இல்லாட்டித் தலை சுத்துமாம்."

"கால் எரியுதெண்டு சொன்னனீங்களெல்லோ, அதைக் கேளுங்கோ."

நான் டொக்டரிடம் திரும்பி, என் மனைவி உங்களுக்கு நன்றி சொல்கிறாள் என்றேன். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"கால் எரியுதெண்டதுக்கு ஏன் சிரிக்கிறார்?"

"பயப்பிட ஒண்டுமில்லையெண்டு அர்த்தம்."

பாவம், ஃபைல் மட்டையில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள். சீனிக்கு நல்லது என்று காலையும் இரவும் குரக்கன் மாவில் பிட்டு அவித்தாள். பின்னேரம் ஐந்து மணிக்கு நான் வெள்ளைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மறைன் டிறைவ் பக்கமாகக் கையை வீசி வீசிப் போவேன். அவள் பல்கனியில் நின்று பார்ப்பாள். அவள் கண்ணுக்குத் தெரியும் வளைவு வரைக்கும்தான் வீச்சு. அதற்கப்பால் மக்கீன் நானாவின் தேத்தண்ணிக் கடை. எண்ணெயில் பொரித்த மூன்று மட்டன் றோல்ஸ், ஒரு பால் தேத்தண்ணி, ஒன்றரை மணித்தியாலம் அரசியல். ஆறரைக்கு முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்புவேன்.

இரத்தப் பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை என்பதுதான் பிரச்சினை. எட்டரையாக இருந்த சீனி ஒன்பதே முக்காலாக ஏறிவிட்டது. இலக்கம் அவளுக்கும் விளங்கும்.

அன்றிரவு பிட்டைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கீழ்வீட்டு ஷெரோமி மிஸ் இங்கிலீஷ் கிளாஸ் தொடங்குறா. சின்னச் சின்ன உண்மைக் கதையளாலை படிப்பிக்கிறாவாம். ஆறு மாசத்திலை ஆரோடையும் கதைக்கலாமாம்."

"உமக்கென்னத்துக்கு இந்த வயசிலை இங்கிலீஷ்?"

"டொக்டரோடை நேரிலை ரெண்டு வார்த்தை கதைக்கோணும்."

பிட்டு எனக்குத் தொண்டையில் நின்றது. பிட்டின் குணமே அதுதான் என்றாலும் இந்த முறை காரணம் வேறு. இவள் டொக்டரோடு இரண்டு வார்த்தை கதைத்தால் என் சோறு போய்விடும். றோல்ஸ் போய்விடும். ஐந்திலிருந்து ஆறரைவரை நான் மனிதனாக வாழும் அந்த ஒன்றரை மணித்தியாலமும் போய்விடும்.

"தலைமைக் கிளாக்கரை வீட்டிலை வைச்சுக்கொண்டு கீழ்வீட்டுப் பிள்ளையிட்டைப் படிக்கப் போறீரோ? கட்டடமே சிரிக்கும். நானே படிப்பிக்கிறன். அதே முறையிலை. உண்மைக் கதை."

"சரியப்பா," என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தை நான் மிகக் கவனமாகத் தயாரித்தேன். கால், வயிறு, சோறு, எண்ணெய், பொய் ஆகிய சொற்களுக்கு அதில் இடமில்லை. முதல் கதை: ஒரு கப்பல் வருகிறது. இரண்டாம் கதை: கப்பல் பிந்தி வருகிறது. மூன்றாம் கதை: பிந்தியதற்கு யார் பொறுப்பு? இரண்டு மாதத்தில் துறைமுகத்திலிருந்து ஒரு கொள்கலனை விடுவித்துக்கொண்டு வரும் அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. தலையிடி என்று சொல்ல வராது. குசினிக்குள் நின்று, தங்கள் பத்தாம் திகதிய கடிதம் தொடர்பாக என்று ஆங்கிலத்தில் பிட்டுக் குழலுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கதிரையில் சாய்ந்து மனதுக்குள் என் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடக் கொப்பியை மூடி வைத்தாள்.

"நீங்கள் எழுதுறது நல்ல வடிவா இருக்கப்பா. ஷெரோமி மிஸ்ஸாலை இப்பிடியொரு வசனம் எழுதேலாது."

"அது உமக்கு இப்பதான் தெரியுதோ?"

"ஆனா எல்லாம் கப்பல். மனிசர் ஒருத்தரும் வரீனமில்லை."

"கப்டன் வாறார்தானே?"

"அவர் கையெழுத்து மட்டும்தானே வைக்கிறார். ஒரு குடும்பம், ஒரு புருசன் பெஞ்சாதி எண்டு ஒண்டு எழுதுங்கோவன். சிரிப்புக் கதையா. உங்களுக்கு அந்தக் கை இருக்கு."

முப்பத்தொரு வருடத்தில் எந்தத் துரையும் எனக்குக் கை இருக்கிறது என்று சொன்னதில்லை. என் பேனை தானாகத் திறந்துகொண்டது. ஆனால் எழுதுவதற்கு விஷயம் வேண்டுமே. எனக்குத் தெரிந்த வாழ்க்கை கப்பல் கம்பனி, அதை விட்டால் மக்கீன் நானாவின் கடை. பெயரை மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? சீனி வருத்தம் இல்லாதவன் கொழும்பில் எங்கே இருக்கிறான்? பாடத்திட்டத்தை நானே மீறி, ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

மிஸ்டர் றொட்ரிகோ ஒரு கெட்டிக்காரர். அவருக்குச் சீனி வருத்தம் உண்டு. அவர் ஒவ்வொரு பின்னேரமும் நடக்கப் போகிறார். அவர் நடப்பதில்லை. அவர் ஒரு கடையில் இருக்கிறார். அவர் மூன்று றோல்ஸ் சாப்பிடுகிறார். அவருடைய மனைவி சீமெந்துபோலப் பிட்டு அவிக்கிறாள். மனைவிக்கு ஒன்றும் தெரியாது. மிஸ்டர் றொட்ரிகோ சந்தோஷமாக வாழ்கிறார்.

ஜெகதீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். "சரியான கள்ளன், இந்த றொட்ரிகோ," என்றாள். "ஆனா கெட்டிக்காரன்," என்றேன் நான். ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்துக் கேட்டாள். பத்துத் தரம் பார்த்து எழுதினாள். நான் சிவப்புப் பேனையால் திருத்தி, உச்சரிப்பையும் நேராக்கி, பத்துக்கு ஒன்பது போட்டு, கந்தோரில் வைப்பதுபோல நீட்டிக் கையெழுத்தும் வைத்தேன். கையெழுத்து அழகில்லாததற்கு ஒரு புள்ளி குறைத்தேன். அவளுடைய கையெழுத்தைச் சொல்கிறேன்.

அடுத்த கிழமை டொக்டரிடம் போனோம். ரிப்போட்டில் பத்தேகால். டொக்டர் முகத்தைச் சுளித்தார். இப்படியே போனால் ஊசிதான், அதன் பிறகு காலையே எடுக்க வேண்டிவரும் என்றார்.

"என்னவாம்?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"கொஞ்சம் கூடியிருக்காம். மழைக்காலமெல்லோ."

"மழைக்கோ சீனி கூடுறது?"

"ஈரலிப்பாம்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். கொப்பியை எடுத்தாள். கதிரையை டொக்டரின் பக்கமாக இழுத்துப்போட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வாசிக்கத் தொடங்கினாள்.

"டொக்டர், மை ஹஸ்பண்ட் இஸ் எ க்ளெவர் மேன்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

என் கணவருக்குச் சீனி வருத்தம் உண்டு. அவர் ஒவ்வொரு பின்னேரமும் நடக்கப் போகிறார். அவர் நடப்பதில்லை. அவர் ஒரு கடையில் இருக்கிறார். அவர் மூன்று றோல்ஸ் சாப்பிடுகிறார். உச்சரிப்பில் ஒரு பிழை கிடையாது. பாழாய்ப்போனவன் நான்தானே திருத்தினேன். பிட்டைப் பற்றிய வசனத்தை மட்டும் அவள் வாசிக்கவில்லை. மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்ற இடத்தில் மனைவிக்கு எல்லாம் தெரியும் என்று வாசித்தாள். டொக்டர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். ஃபைலில் இருந்த என் கையெழுத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கதை முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. கொப்பியில் இல்லாத ஒரு வசனத்தைச் சொன்னாள். அதை நான் படிப்பிக்கவில்லை, திருத்தவுமில்லை. அவர் போனால் எனக்கு ஆர் என்பதுதான் அது. உடைந்த ஆங்கிலம். சொல்லும்போது அவள் குரலும் உடைந்தது. கலியாணமான முப்பத்தைந்து வருடமும் அந்த வாளை நான் இவளிடம் தவறான பக்கமாகவே நீட்டியிருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நான் முழுமையாக அனுபவிப்பதற்குள் டொக்டர் கதவைக் காட்டினார்.

"மிஸ்டர் பொன்னம்பலம், நீங்கள் வெளியில் இருங்கள். நான் உங்கள் மனைவியோடு கதைக்க வேண்டும்."

வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். கதவுக்கு அப்பால் ஆங்கிலம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து ஃபைலும் கையுமாக வந்தாள். டொக்டரிடமே ஓடிப்போய்க் கேட்கலாம் என்று எழும்பினேன். அதற்குள் அடுத்த இலக்கக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

"எங்கை படிச்சனீர்?"

"ஷெரோமி மிஸ்ஸிட்டை. ஐஞ்சிலையிருந்து ஆறரை மட்டும்."

"அது நான் நடக்கப் போற நேரமெல்லோ!"

"ஓம். நீங்கள் ஒரு நாளும் பிந்தி வெளிக்கிடேல்லை. எனக்கு நல்ல வசதி."

"பிறகேன் என்னட்டையும் படிச்சனீர்?"

"அவ ஒரு உண்மைக் கதை எழுதிக்கொண்டு வரச் சொன்னவ. உண்மை உங்களிட்டைத்தானே கிடந்தது."

"அது றொட்ரிகோவின்ரை கதை!"

"வெள்ளவத்தையிலை குரக்கன் பிட்டு அவிக்கிற மிஸ்ஸிஸ் றொட்ரிகோ ஆரப்பா?"

றொட்ரிகோவைக் கைவிட்டேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

ஃபைல் மட்டையைத் திருப்பினாள். ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள்.

"சோறு அரைக் கோப்பைதானாம்."

"ம்."

"றோல்ஸ் கடைப் பக்கம் போகவே கூடாதாம். பின்னேரத்திலை நானும் கூட நடக்கட்டாம்."

"சரி."

"ராவிலை சட்டி பானை கழுவினால் விரலுக்கு ரத்தோட்டமாம்."

"என்னது?"

"உடுப்புக் காயப்போடுறது தோளுக்கு நல்லதாம். தேங்காய் திருவுறது முழங்கைக்கு."

"டொக்டர் இப்பிடிச் சொன்னவரோ? தேங்காயெண்டு?"

"இன்னும் இருக்கு. மாசத்திலை ஒருக்கா என்னை நுகேகொடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சாறி எடுத்துத் தரோணுமாம்."

"சாறிக்கும் சீனிக்கும் என்னப்பா சம்பந்தம்?"

ஜெகதீஸ்வரி ஃபைலை மூடிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"நானும் அதைத்தான் கேட்டனான். அவர் ஏதோ ஒரு பெரிய இங்கிலீஷ் சொல்லுச் சொன்னவர். தமிழிலை அதுக்குச் சொல்லில்லையப்பா."