சனிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னவர்

யு.பி.எஸ். பெட்டி கத்தினால் எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்பார்கள். நான் மட்டும் வாசலைப் பார்ப்பேன். கீங்... கீங்... குருவிக் குஞ்சைத் தகர டப்பாவில் போட்டு மூடியது போன்ற அந்தச் சத்தம், இத்தனை வருடம் கழித்தும் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போட்டுவிடும். அங்கே அது எப்போதும் ஜூன் மாதம். ஆலைகளில் மாங்கூழ் கொதிக்கும் வாசனை சட்டையில், தலைமுடியில், கீபோர்டு பொத்தான்களில்கூட ஒட்டிக்கிடக்கும்.

ஒரு பொருளை ஒழுங்காக அழிக்கத் தெரிந்தவர் அந்த ஜில்லாவிலேயே சனிக்கிழமை சார் ஒருவர்தான். அதனாலேயே எதையும் லேசில் அழிக்க விடமாட்டார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டுக்குத் தெரியும். தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். அதற்கு முன்னால் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் கிளார்க்காக இருந்தவர். கம்ப்யூட்டரைப் பற்றிய மொத்த ஞானத்தையும் அந்த லாட்ஜின் வழியாகத்தான் புரிந்துகொண்டார், புரியவைத்தார்.

ஊரில் பாதிப்பேர் பெங்களூருக்கும் மீதிப்பேர் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். கிளம்புகிறவர்களுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுத்து, கிளம்பாமல் வயிறு வளர்த்தவன் நான், மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறவன். என் கடைக் கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கரகரவென்று இருமிச் செத்தது. சார் வந்தார். அதற்குப் பதிலாகக் கறுப்பு பிஸ்கட் மாதிரி ஒன்றை உள்ளே செருகினார். "எஸ்.எஸ்.டி." என்றார். பிறகு டீ வரவழைக்கச் சொல்லிவிட்டு வகுப்பை ஆரம்பித்தார்.

"நீ ஒரு ஃபைலை டிலீட் பண்றே. என்ன ஆவுது?"

"அழிஞ்சிடுது."

"அங்கதான் சார் தப்பு" என்றார். எதிரே யார் இருந்தாலும் அவருக்கு 'சார்'தான். " லாட்ஜில ஆளு போய்ட்டான், ரிஜிஸ்டர்ல பேரை அடிச்சிட்டோம். அவ்ளோதான். ரூமுக்குள்ள அவன் துண்டு இன்னும் தொங்கிக்கினு கீது."

"சரி."

"பழைய டிஸ்க்குல அந்தத் துண்டு மேலயே புது ஆளு தன் துண்டைப் போட்டுக்குவான். இந்த எஸ்.எஸ்.டி. மடி, ஆச்சாரம். கழுவாம ஆளை விடாது. கழுவறதுன்னாலும் ஒரே ஒரு ரூமைக் கழுவ முடியாது. ஒரு வரிசை மொத்தத்துக்கும் ஒரே தண்ணி. நடுவுல ஒருத்தன் தூங்கிக்கினு இருந்தா, அவனை எழுப்பி, மூட்டை முடிச்சோட வேற வரிசையில கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறம்தான் கழுவணும்."

"கழுவட்டுமே."

"எவன் போய்ட்டான், எவன் கீறான்னு கழுவறவனுக்கு எப்படித் தெரியும்? ரிஜிஸ்டர்காரன் சொல்லணும். சொல்லலைன்னா, எப்பவோ போனவன் மூட்டையையும் தலையில தூக்கிக்கினு வரிசை வரிசையா அலைவான் பாவம். வேலையும் ஸ்லோ, அவன் உடம்பும் கெடும். சாவி கவுண்டருக்கு வந்தாத்தான் சார் ரூமு காலி. அந்தச் சாவி குடுக்கற வேலைக்குப் பேருதான் டிரிம்."

"அப்போ அடிச்ச உடனே சாவியைக் குடுத்துட வேண்டியதுதானே?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு தபா கவுண்டருக்கு ஓடினா மத்த வேலை ஆவுமா? வாரத்துக்கு ஒரு தபா, மொத்தச் சாவியும் ஒரே கொத்தா. சனிக்கிழமை பகல் பன்னெண்டு மணி."

"ஏன் சனிக்கிழமை?"

"பெருமாள் நாளு. அதுவுமில்லாம, நம்ம ஊரு ஆளுங்களுக்குப் புத்தி ரெண்டு நாளு லேட்டாத்தான் வரும்."

இப்படி அவர் கைபட்ட அத்தனை கம்ப்யூட்டர்களும் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தான் சாவி கொடுத்தன. அதுவரை அழித்ததெல்லாம் ஆவியாக உள்ளேயே உலவும். மாங்கூழ் ஆலை மேனேஜர் ஒருவர் திங்கள்கிழமை கோபத்தில் ஏற்றுமதி லேபிள்களை அழித்துவிட்டு, புதன்கிழமை அழுதுகொண்டு வந்தார். வாத்தியார் ஒருவர் அரைப் பரீட்சை கேள்வித்தாளை அழித்துவிட்டு வந்தார். எல்லோருக்கும் துண்டோடு ரூமை மீட்டுக் கொடுத்தார். மனிதர்களிடமும் அதே சட்டம்தான். யாரோடு சண்டை போட்டாலும் சனிக்கிழமைதான் பேச்சை நிறுத்துவேன் என்பார். சனிக்கிழமை வருவதற்குள் எதற்குச் சண்டை என்பது மறந்துபோகும். எனக்குத் தெரிந்து அவர் யாரோடும் பேச்சை நிறுத்தியதில்லை.

அந்த ஜூனில் பக்கத்து ஊர் புத்தலப்பட்டில் என் தங்கை கலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சேகருக்கு குவைத்தில் வேலை. திங்கள்கிழமை கல்யாணத்தைப் பதிவு செய்யவேண்டும். புதன்கிழமை அவனுக்கு விமானம். பதிவுச் சான்று இருந்தால்தான் கலாவுக்கு விசா. தாலி கட்டும் போட்டோ இருந்தால்தான் பதிவு. திங்கள் தவறினால் அவனுக்கு அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு நானும் கலாவும் போட்டோவை வாங்க ஸ்டுடியோ பாபுவிடம் போனோம். பாபு நல்ல பையன். ஒரே ஒரு பழக்கம்: கல்யாணங்களைப் பந்தியை வைத்துத்தான் நினைவு வைத்துக்கொள்வான். சார் அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டரிலும் 'மட்டன் பிரியாணி', 'பூரி பாசந்தி' என்றுதான் ஃபோல்டர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணம் 'பொங்கல் வடை'. போன மாதம் இன்னொரு வீட்டிலும் பொங்கல் வடை போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆல்பம் வாங்கிப் போய்விட்டார்கள் என்று வியாழக்கிழமை பாபு ஒரு பொங்கல் வடையை அழித்திருந்தான்.

மிச்சமிருந்த பொங்கல் வடையைத் திறந்தான். யாரோ ஒரு மீசைக்கார மாப்பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"கேமரா கார்டு?" என்றேன்.

"அதுல அடுத்த கல்யாணம் ஏறிடுச்சுண்ணா."

கலாவின் கை மருதாணி இன்னும் மங்கவில்லை. அவள் அழவில்லை. "சனிக்கிழமை அண்ணாவுக்குப் போன் போடுண்ணா" என்றாள்.

வாராவாரம் போல அன்றும் அவர் திருமலைக்கு நடந்து ஏறிக்கொண்டிருந்தார். போனில் மூச்சிரைப்பும் கோவிந்தா கோஷமும் சேர்ந்து வந்தன. நடந்ததைச் சொன்னேன்.

"மணி என்ன சார்?" என்றார்.

"பதினொண்ணு அம்பது."

"கம்ப்யூட்டர்ல இப்போ என்ன ஓடிக்கினு கீது?"

"ஏதோ கல்யாண வீடியோவைக் கோத்து எழுதுதாம், ரெண்டராம்."

"அய்யய்யோ! காலி ரூம்ல எல்லாம் புது ஆளு பூந்துக்கினு கீறான் சார்! பன்னெண்டுக்குச் சாவியும் போயிடும்! பிளக்கைப் புடுங்கு!"

பாபு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றான். "அண்ணா, காலைல இருந்து ரெண்டர் ஆவுதுண்ணா! கட்சிக்காரர் வூட்டுக் கல்யாணம்! என்னைத் துன்னுடுவாங்க!"

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கவிதை எழுதுகிறவன் அந்த நிலைமையில் என்ன செய்வானோ அதைச் செய்தேன்: நின்றேன். கலா பாபுவின் கைக்கு அடியில் புகுந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

கீங்... கீங்...

"என்ன சத்தம் அது?" என்று மலையிலிருந்து கத்தினார். "யு.பி.எஸ். உசுரோட கீது! மிஷின் இன்னும் ஓடுது! கம்ப்யூட்டர் பொட்டி பின்னாடி கீற வயரைப் புடுங்கு, கண்ணு!"

கலா மேசைக்கு அடியில் தவழ்ந்தாள். திரையில் மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. ரெண்டர் பட்டை தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாபு கண்ணை மூடிக்கொண்டான். திரை கறுத்தது. யு.பி.எஸ். மட்டும், யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பதுபோல் கத்திக்கொண்டே இருந்தது.

"ஆஃப் ஆயிடுச்சு" என்றேன்.

"யாரும் அதைத் தொடாதீங்க. மூச்சுகூட விடாதீங்க. வந்துக்கினே கீறேன்."

வந்தார். பாதி மலை ஏறியவர், தரிசனம் இல்லாமல் அப்படியே திரும்பி இறங்கி, பஸ் பிடித்து வந்தார். நெற்றியில் நாமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை ஒழுகியிருந்தது. "பெருமாள் கோச்சிக்க மாட்டாரா?" என்றாள் கலா. "அவரும் கல்யாணம் பண்ணி அவஸ்தைப்பட்டவர்தாம்மா, புரிஞ்சிக்குவாரு" என்று டிஸ்கைக் கழற்றினார். தன்னுடைய கம்ப்யூட்டரில், எதையும் எழுதவிடாமல், படிக்க மட்டும் விட்டுத் தேட ஆரம்பித்தார். 'ரிஜிஸ்டரில் பேர் இல்லாத' ரூம்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனது அந்தக் கம்ப்யூட்டர். அப்பளம், பன்னீர்ச் சொம்பு, சித்தப்பாவின் முதுகு, மறுபடியும் சித்தப்பாவின் முதுகு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாலி வந்தது.

பாதிதான் வந்தது. மேலே கலாவின் குனிந்த முகம், சேகரின் விரல்கள், முடிச்சு. கீழ்ப்பாதியில் கட்சிக்காரர் வீட்டு வீடியோ குடியேறிவிட்டதால் வெறும் சாம்பல் நிறம்.

திங்கள்கிழமை பதிவு அதிகாரி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்ட்டிதி, சகம் கோட?" என்றார் தெலுங்கில். பாதி சுவராக இருக்கிறதே என்று கேட்கிறார். துணைக்கு வந்திருந்த சார் முன்னால் நகர்ந்தார்.

"தாளி கனிபிஸ்தோந்தி கதா சார்?"

தாலி தெரிகிறதுதான். அதிகாரி இன்னொரு முறை பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார். அந்த 'டொக்' சத்தத்துக்கு ஈடான சங்கீதத்தை நான் அதற்கப்புறம் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சார் மலைக்கு இரண்டு தடவை ஏறினார், ஒன்று பாக்கியாம். பாபு அதற்குப் பிறகு ஃபோல்டர்களுக்கு மாப்பிள்ளை பெயரை வைத்தான், பக்கத்தில் பந்தியையும் சேர்த்து.

விசா வந்தது. சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் கலா உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமாக, அவள் போனதும் அவளுடைய அறையில் ஜெராக்ஸ் பேப்பர் அடுக்கலாம் என்று சொல்லிச் சொல்லி அவளைச் சிரிக்கவைத்திருந்தேன். அன்று இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சார் வேர்த்து விறுவிறுத்து வந்து, மீட்ட போட்டோக்கள் அடங்கிய பென் டிரைவ் ஒன்றை அவள் மடியில் போட்டார். டிரைவர் இன்ஜினை முடுக்கினார். கலா சட்டென்று கைப்பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்தாள்.

"அண்ணா, இது என்கிட்டயே தங்கிடுச்சு. புடி."

நான் கையை நீட்டினேன். சனிக்கிழமை சார் நடுவில் புகுந்து என் கையைத் தட்டிவிட்டு, அவள் விரல்களைச் சாவியோடு சேர்த்து மூடினார்.

"போய்ட்டு வாம்மா. சாவியை மட்டும் எவன் கேட்டாலும் குடுத்துடாதே."