செருப்போடு வந்த எக்ஸ்டெர்னல்

"நீ காலேஜ் பக்கம் வராதப்பா" என்றாள் ஆன்சி.

அதுவரை போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அம்புரோஸ், அந்த நிமிஷமே போவதென்று முடிவு செய்துவிட்டார்.

"வந்தா இன்னா பண்ணுவாங்க? புடிச்சிக் கடல்ல போட்ருவாங்களா?"

"நீ வந்தா சண்ட போடுவ. இருக்கறதும் கெட்டுப்பூடும்."

கெட்டுப்போக அங்கே என்ன மிச்சம் இருந்தது? விடிந்தால் பி.காம். முதல் வருஷத்துக்கு பிசினஸ் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் பிராக்டிகல் பரீட்சை. கிளாசுக்குச் சரியாக வரவில்லை, அதனால் ஆன்சியை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஏன் கிளாசுக்குப் போகவில்லை? பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கப் போனாள். முதல் வருஷம் பாஸானால் வேலை நிரந்தரம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதால் கம்ப்யூட்டர் பரீட்சை கிடையாதாம். பரீட்சை இல்லையென்றால் கம்ப்யூட்டர் வேலையும் கிடையாது. இதுதான் படித்தவன் கண்டுபிடித்த நியாயம்.

அம்புரோஸ் படித்தது அஞ்சாவது வரைக்கும். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கம்ப்யூட்டரை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அது வந்த பிறகுதான் வின்ச் போயிற்று, வின்ச்சோடு ஆளும் போனான். படித்தவன் பேச்சையும் அவர் நம்பியதில்லை. படிக்காதவன் பேச்சை மட்டும் நம்பினாரா என்றால், அதுவும் இல்லை.

"மீறி வந்தாலும் வா. அக்கா கல்யாணத்துக்கு எடுத்தியே, அந்த வெள்ள சட்டைய மட்டும் போட்டுகினு வராத. பார்க்கவே சகிக்கல" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள் ஆன்சி.

காலையில் பெட்டியைத் திறந்தால் அந்த வெள்ளைச் சட்டை மேலாகவே கிடந்தது. இஸ்திரி வேறு போட்டிருந்தது. பெண்டாட்டி ஆலிஸ் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஆலிஸ் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டதே இல்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. ரிட்டயர் ஆனபோது சங்கத்தில் கொடுத்த தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினார்.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ ஊர்ந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. எச்.ஓ.டி.யைக் கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் திருவொற்றியூர் வருவதற்குள் தயார் செய்துகொண்டார். கடைசிக் கேள்வி சட்டையைப் பிடித்துக் கேட்கவேண்டிய கேள்வி.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் இன்னாசி, அவரைப் பார்த்ததும் எழுந்து ஒரு சல்யூட் வைத்தான்.

அம்புரோஸ் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. ஹார்பர் கேட்டில் ஆயுசு முழுக்க அவரைத் தடவித்தான் பார்த்திருக்கிறார்கள். சல்யூட் வைத்தவன் ஒருத்தன் இல்லை.

"எச்.ஓ.டி.ய பாக்கணும்" என்றார் விறைப்பாக.

"அவரு உங்களுக்காகத்தான் சார் காத்துகினு கீறாரு."

எச்.ஓ.டி. பாலகணேஷ் இளநீரோடு ஓடிவந்தார். "வாங்க சார், வாங்க! கண்டெய்னர் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

"யோவ், நான் இன்னாத்துக்கு வந்துகீறேன்னு தெரியுமா?"

"தெரியாம இருப்பனா சார்? நீங்கதான் இன்னைக்கு எக்ஸ்டெர்னல்!"

எக்ஸ்டெர்னல் என்றால் வேறு காலேஜிலிருந்து வந்து கேள்வி கேட்டு மார்க் போடுகிற ஆள். அந்த ஆள் வருகிற அன்றைக்குக் காலேஜுக்கே ஜுரம் வந்துவிடும் என்று ஆன்சி சொல்லி அவர் கேட்டிருக்கிறார்.

"அய்யே, நான் அந்த ஆள் இல்ல. அஞ்சாவதுக்கு மேல நான் பள்ளிக்கூடமே போனதில்ல."

பாலகணேஷ் கைகூப்பினார். "நெறகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க. ஷெர்லின், சாரை ஒரு போட்டோ எடும்மா."

லேப் அசிஸ்டென்ட் ஷெர்லின் செல்போனை நீட்டினாள்.

"இன்னாத்துக்கு என் மூஞ்சியப் புடிக்கிற?"

"யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும் சார். எந்த எடம், எந்த நேரம்னு போட்டோவுலயே விழுந்துடும். எக்ஸ்டெர்னல் வந்தாருன்னு சாட்சி வேணும்ல?" என்றார் பாலகணேஷ்.

அம்புரோஸ் முறைத்தார். முறைத்தது நன்றாக விழுந்திருப்பதாக ஷெர்லின் சொன்னாள்.

லேப் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம்.

"சார், செருப்ப மட்டும்..." என்று இழுத்தாள் ஷெர்லின்.

எக்ஸ்டெர்னல் இல்லை என்று காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது என்று அம்புரோஸ் நினைத்தார். "கழட்ட மாட்டேன். கோயிலுக்குள்ளயே செருப்போட போறவன் நான். இந்த டப்பாவுக்கு இன்னா, கோயில விட மரியாத ஜாஸ்தியா?"

உள்ளே இருந்த பசங்க எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். "டேய், செருப்போட வர்றாருடா. மெய்யாலுமே எக்ஸ்டெர்னல்தான்" என்று ஒருத்தன் கிசுகிசுத்தது வாசல் வரை கேட்டது.

அப்போதுதான் வராந்தாத் தூணோரம் ஆன்சி நிற்பதை அவர் பார்த்தார். அவரைப் பார்த்ததும் அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

பெற்ற வயிறு பற்றி எரிந்தது என்பார்கள். அம்புரோசுக்குப் பெறாத வயிறே எரிந்தது. பிள்ளையைச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து அழ விடுகிறான்கள். சரி. எக்ஸ்டெர்னல் என்றால் எக்ஸ்டெர்னல்தான். வருகிறது வரட்டும். கண்டுபிடித்து ஜெயிலில் போட்டாலும் ஹார்பர் கேன்டீன் சோற்றைவிட ஜெயில் சோறு மோசமாக இருக்காது.

நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் வெளிய நிக்குது?"

"அட்டெண்டன்ஸ் பத்தல சார். ரூல்ஸ்ல இடமில்ல" என்றார் பாலகணேஷ்.

"உள்ள வுடு."

"சரி சார்."

அம்புரோஸ் திகைத்தார். "இன்னா சரி? ரூல்ஸு இன்னா ஆச்சு?"

"நீங்க சொன்னா அதான் சார் ரூல்ஸு."

வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த சண்டை அத்தனையும் வீணாயிற்று. பெரிய மூட்டை என்று நினைத்து வின்ச்சை முழு வேகத்தில் இழுத்தால் காலிக் கொக்கி மேலே பறக்குமே, அந்த மாதிரி இருந்தது அவருக்கு. இவன் ஏன் இவ்வளவு சீக்கிரம் அடங்குகிறான் என்று ஒரு சந்தேகம் வந்தது. அவருக்குத்தான் எதிலும் சந்தேகம் வருமே. அதனால் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆன்சி தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். விரல் கீபோர்டில் ஓடியது. பரீட்சை நடந்தது. பிறகு எக்ஸ்டெர்னல் கேள்வி கேட்க வேண்டும் என்றார்கள்.

முதலில் வந்தவன் பேர் தீனா. வியாசர்பாடிப் பையன்.

"இந்த மிஷின எப்பவாச்சும் தொட்டுக்கீறியா?"

"இல்ல சார். ஒரு மிஷினுக்கு மூணு பேரு. ஒருத்தன் தட்டுவான், ஒருத்தன் மவுச நகத்துவான். நான் பின்னால நின்னு எட்டிப் பாக்கற ஆளு."

"எட்டிப் பாத்து இன்னா தெரிஞ்சுது?"

"அவன் மண்டதான் சார் தெரிஞ்சுது."

"நூத்துக்கு நூறு போடு" என்றார் அம்புரோஸ்.

பாலகணேஷ் மார்க் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். "நூறா சார்? பிராக்டிகலுக்கு மொத்தமே..."

"உண்மைய சொன்னான். போடு."

அடுத்து வந்தவள் எழில்மொழி. கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் மூச்சுவிடாமல் எதையோ ஒப்பித்தாள்.

"இரும்மா, இரு. ஜெபமால சொல்ற மாதிரி ஓட்டாத. நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. இந்த மிஷினு நம்ம ஆளுங்க வேலையப் புடுங்குமா, புடுங்காதா?"

எழில்மொழி எச்.ஓ.டி.யைப் பார்த்தாள். எக்ஸ்டெர்னலைப் பார்த்தாள். "புடுங்கும் சார். எங்க நைனாவோட வேலைய புடுங்கிச்சு. அதான் என்ன இங்க சேத்தாரு. இனிமே நாம புடுங்கணும்னாரு."

அம்புரோஸ் எழுந்து நின்று கைதட்டினார். ஷெர்லின் அதையும் போட்டோ எடுத்தாள்.

எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. மூலையில் துணி போர்த்தியிருந்த மிஷின்களைப் போய்த் தூக்கிப் பார்த்தார். டிவி மாதிரி இருந்தது மட்டும் இருந்தது. கீழே இருக்கவேண்டிய பெட்டியும் இல்லை, ஒயரும் இல்லை.

"இன்னாய்யா இது? முண்டம் இல்லாத தலையா கீது?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு சார்."

"எப்ப?"

"எனக்கு முந்தி இருந்த எச்.ஓ.டி. காலத்துல சார்."

"மார்க்கு இந்தப் பசங்களுக்கு இல்லய்யா, உனக்குப் போடணும். முட்ட."

இப்போதாவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான், சண்டை ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தார். பாலகணேஷ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சாருக்கு நகைச்சுவை உணர்ச்சி ரொம்ப ஜாஸ்தி" என்றார்.

கடைசியாக ஆன்சி வந்து எதிரில் நின்றாள்.

"பேரு இன்னா?"

"ஆன்சி சார்."

"அப்பா பேரு?"

"அம்புரோஸ் சார்."

"அவரு எப்புடிப்பட்ட ஆளு?"

"தங்கமான ஆளு சார். யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு, அவ்ளோதான். அதுவும் ஒருவிதத்துல வசதிதான் சார்."

கேள்விக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. மகள் தைரியமாகப் பேசியதே அவருக்குப் போதும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளுக்கும் நூறு என்றார்.

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். எக்ஸ்டெர்னல் வந்தால் பிரியாணி என்பது அவருக்குத் தெரியும்.

"எனக்கு வேணாம். தபசு காலம், ஈஸ்டர் வர்ற வரைக்கும் வெள்ளிக்கெழம கறி தொட மாட்டேன்."

"அதான் சார் வஞ்சிரம் வறுக்கச் சொல்லிட்டோம்" என்று மூடியைத் திறந்தார் பாலகணேஷ்.

இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அம்புரோஸ் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் மீன் போய்விட்டது. காசிமேட்டு மீன், அன்றைக்குப் பிடித்தது. கேள்வி நின்றுவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் மார்க் பேப்பரை நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ்.

"படிக்காம கையெழுத்து போட மாட்டேன்."

"படிச்சிட்டே போடுங்க சார்."

"இங்கிலீசு படிக்கத் தெரியாது."

"அப்ப படிக்காமலே போடுங்க சார்."

அம்புரோஸ் பேனாவை வாங்கினார். பொய்க் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. துணிச்சல் இருந்தால் கண்டுபிடிக்கட்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில், அம்புரோஸ் என்றே எழுதிக் கீழே ஒரு கோடும் இழுத்தார். பாலகணேஷ் பார்க்கக்கூட இல்லை. வாங்கி மடித்தார்.

"பேர படிச்சிப் பாருய்யா."

"பரவால்ல சார். அங்க மட்டும் யார் படிக்கப் போறா?"

தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். கடைசியாக ஒரு போட்டோ. அதில் மட்டும் அம்புரோஸ் சிரித்தார்.

கேட்டுக்கு வரும்போது வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு உறைக்கவில்லை. அஞ்சாவது படித்தவன் ஒரு காலேஜையே ஏமாற்றிவிட்டு, செருப்பையும் கழற்றாமல், மகளைப் பரீட்சையும் எழுத வைத்துவிட்டுப் போகிறான். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மீன் ஜீரணிக்காது போலிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த இன்னாசியின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"யோவ், வெளிய சொல்லிடாத. உங்க ஆளுங்க மொத்தப் பேரையும் ஏமாத்திட்டேன். நான் எக்ஸ்டெர்னலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெளிய நின்னு அழுதுகினு இருந்துச்சே ஆன்சி, அதோட அப்பன்!"

இன்னாசி இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. சல்யூட்டும் வைக்கவில்லை.

"தெரியும் நைனா. எக்ஸ்டெர்னலு வரமாட்டாருன்னு நேத்தே போன் வந்துச்சு. எச்.ஓ.டி. தலைல கைய வெச்சிகினு ஒக்காந்துட்டாரு. அப்பதான் உன் பொண்ணு போயி, 'வெள்ள சட்டையில தெனாவெட்டா ஒரு ஆள நான் வரவெக்கிறேன் சார், என்ன பரீட்ச எழுத வுடுங்க. அவராண்ட மட்டும் விஷயத்த சொல்லிடாதீங்க, சொன்னா வரமாட்டாரு'ன்னு பேசி முடிச்சுட்டுப் போச்சு!"