முந்திய கப்பல்காரர்

முந்திய கப்பல்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சாதிக்காதீர்கள். மலாயாவில், பினாங்கில் வந்து நிற்கிற ஒவ்வொரு கப்பலும், அதற்கு முன்னால் வந்த கப்பலின் ஆட்களை ஒரே நாளில் பெரிய மனிதர்களாக்கிவிடுகிறது. போன கப்பலில் வாந்தி எடுத்து வாந்தி எடுத்துக் கண் செருகி, மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கிய அதே ஆள், அடுத்த கப்பல் வந்த சேதி கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தச் சனமெல்லாம் எங்கேருந்துதான் வருதோ!" என்பார். எங்கேயிருந்து வரும்? அவர் ஏறிய அதே நாகப்பட்டினத்திலிருந்துதான்.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இந்த இனத்தின் அசல் உருப்படி ஒருவர் இருந்தார். பெயர் சின்னையா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் வந்தவர். இருபத்தாறில் வந்தவர்களைக் கண்டால் அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவர்களில் யாருக்கும் அவரிடம் பெயர் கிடையாது, எல்லாரும் 'புதுக்கப்பல்'.

"புதுக்கப்பலுக்கு ஒரு வேலையும் தெரியல மச்சான், சுத்தச் சோம்பேறிங்க" என்பார், பக்கத்து வீட்டுப் பத்துமலையிடம். வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடிப்பதற்குள், "நம்ம வேலையெல்லாம் இவனுங்களே பறிச்சுக்கிட்டானுங்க லா" என்பார்; பேச்சின் வாலில் 'லா' ஒட்டுவது மலாயாவில் பழகியவர்களின் அடையாளம். சோம்பேறி எப்படி ஐயா வேலையைப் பறிப்பான்? பத்துமலை கேட்கவில்லை. அவரும் சின்னையாவோடு ஒரே கப்பலில் வந்தவர் ஆயிற்றே! கொசு கூடிப்போனால் புதுக்கப்பல், கோப்பெங் கடையில் கருவாடு விலை ஏறினால் புதுக்கப்பல், மழை கொட்டிப் பால்வெட்டு நின்றுபோனால்கூட, "இதுங்க காலடி வச்ச நேரம்!"

தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். விடியற்காலையில் திறப்பார்கள், ஆட்களை வேலைக்குக் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்ததும் மூடிவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம்தான். அந்தக் குழாயடியில் சின்னையா ஒரு சட்டம் போட்டிருந்தார். பழைய ஆட்கள் முன்னால், புதுக்கப்பல் கடைசியில். துரை சொன்னாரா? இல்லை. கங்காணி சொன்னாரா? அவருக்கு இது தெரியவே தெரியாது. சின்னையா சத்தம் போட்டுச் சொன்னார், முன்னால் நின்றவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

இப்படியிருக்கையில், ஊரிலிருந்து அவர் மனைவி வீரம்மா வந்து சேர்ந்தாள். எந்தக் கப்பலில்? அந்த வருஷத்துக் கப்பல்களிலேயே கடைசியாக வந்த கப்பலில்!

அவளோடு அதே கப்பலில் வந்தவள் செல்லாயி. கைக்குழந்தைக்காரி. புருஷனுக்குக் காய்ச்சல் என்று, கப்பலில் வருகிறவர்களுக்கு நோய் சோதிக்கும் தீவு முகாமிலேயே நிறுத்திவிட்டார்கள். இவள் மட்டும் பிள்ளையோடு வந்தாள். கப்பலில் வீரம்மா தலை தூக்க முடியாமல் கிடந்தபோது மடியில் சாய்த்துக்கொண்டு, தன் பங்குக் கஞ்சியை அவளுக்கு ஊட்டிவிட்ட புண்ணியவதி. இப்போது அந்தப் பிள்ளைக்கும் உடம்பு அனலாய்க் கொதித்தது. வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மறுநாள் விடியற்காலை இருவரும் குடத்தோடு வரிசையின் வாலில் நின்றார்கள். சின்னையா மனைவியின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனார். முன்னால் நின்ற கருப்பம்மாள் விடுவாளா?

"என்ன அண்ணே இது? ஒங்க வீட்டம்மாவும் புதுக்கப்பல்தானே லா? பின்னாலயே நிக்கட்டும்."

குழாயடியே திரும்பிச் சின்னையாவைப் பார்த்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டிற்று. ஆனால் லேசுப்பட்ட மூளையா அது? கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"பொண்டாட்டிக்குத் தனிக் கப்பல் ஏது? புருசன் வந்த கப்பல்தான் அவ கப்பல்!"

அடடா, ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வீரம்மா தரையில் நின்றபடியே கப்பல் மாறி, முதல் ஆளாய்க் குடத்தை வைத்தாள்.

செல்லாயி மெல்ல முன்னால் வந்தாள். "அண்ணே, புள்ளைக்கு மேலு சுடுது. ஒரே ஒரு செம்புத் தண்ணி புடிச்சிக்கிட்டுப் போயிர்றேன்."

சின்னையா கையை உயர்த்தினார். "நந்தி! நந்தி லா!"

மலாயில் அதற்குப் 'பொறு' என்று அர்த்தம். சின்னையாவுக்குத் தெரிந்த மலாயும் ஏறக்குறைய அவ்வளவுதான். செல்லாயிக்கு அதுவும் தெரியாது. ஊர்க் கோயிலில் நந்தியின் காதோரம் குனிந்து வேண்டுதல் சொல்லியே வளர்ந்தவள். குடத்தைக் கீழே வைத்தாள்; பிள்ளையைத் தோளில் சாய்த்தாள்; அண்ணன் கை காட்டிய பக்கம், ரப்பர் மரங்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நந்தியப்பா, புள்ளைக்குக் காய்ச்சலை எறக்கிக் குடுய்யா."

குழாயடி குலுங்கிச் சிரித்தது. கருப்பம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது யார் தெரியுமா? வீரம்மா! அவளுக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா? தெரியாது. அவள் கைகளும் கும்பிடுவதற்குப் பாதி தூரம் எழும்பியிருந்தன. மற்றவர்கள் சிரிக்கிறதைப் பார்த்ததும் கைகளை இறக்கிக் குடத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பாவி.

மணி அடித்தது. குழாயை மூடிவிட்டார்கள். செல்லாயி காலிக் குடத்தோடு ஓடிவந்து, நிறைகுடத்தோடு போகிறவளை மறித்தாள்.

"வீரம்மா, புள்ள வாயை நனைக்க ஒரு கை தண்ணி குடுடீ."

வீரம்மா குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள். "நாங்கள்லாம் வந்த புதுசுல இப்படியா லா அடுத்தவங்ககிட்டக் கேட்டுக்கிட்டு நின்னோம்?"

அவள் வந்தது முந்தின நாள் சாயங்காலம்.

சின்னையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தனக்கு ஒரு வருஷம் பிடித்த படிப்பு, இவளுக்கு ஒரே ராத்திரியில் வந்துவிட்டதே! நடுவில், அந்தப் பிள்ளை வாயைத் திறந்து அழுகிறதையும் சத்தமே வராததையும் பார்த்தார். மடியைத் தடவி ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு நடந்தார்.

என்ன, முகம் சுளிக்கிறீர்கள்? "சே, இந்தத் தோட்டத்துச் சனம் பூராவும் இப்படித்தான், நம்ம ஈப்போ டவுனில் இதெல்லாம் நடக்குமா?" என்று உச்சுக்கொட்டுகிறீர்களா? நல்லது ஐயா, நல்லது அம்மா. ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள், உங்களுக்குப் பின்னால் ஒருத்தி பிள்ளையோடு நிற்கிறாள்.