மூணு விசிறி கார்டு

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று பிளான்காரர் கண்ணாடி முன்னால் நின்று சபதம் எடுத்தார். பல் தேய்த்துக்கொண்டே எடுத்ததால் பாதிச் சபதம் நுரையாகப் போய்விட்டது. மீதியே போதும் என்று வாய் கொப்பளித்தார்.

அவருக்கு வேலை கட்டடங்களுக்கு பிளான் போடுவது. அவர் ஆபீசில் போட்ட பிளான் எல்லாம் அடுக்குமாடியாக நிமிர்ந்து நிற்கின்றன. வீட்டில் போட்ட பிளான் ஒன்றுகூட அஸ்திவாரத்தைத் தாண்டியதில்லை.

இப்போதைய பிளான், வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைப் பளிச்சென்று காட்டும் கிராபிக்ஸ் கார்டு. கணவனும் மனைவியுமாகச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. அதை அப்படியே கார்டில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. "ஆபீஸ் வரைபடத்தை வீட்டுல சுத்திச் சுத்திப் பாக்கணும்" என்பது வெளியே சொன்ன காரணம். விளையாட்டில் கார் ஓட்டும்போது மழை பெய்தால், ஈர ரோட்டில் விளக்கு வெளிச்சம் மின்ன வேண்டும் என்பது உள்ளே இருந்த காரணம்.

கஷ்டம் என்னவென்றால் அந்த கார்டு ஒரே சிப்பை வைத்துக்கொண்டு பல வேஷத்தில் வந்தது. சூடு தணிக்க ஒரு விசிறி வைத்தது, மூன்று விசிறி வைத்தது, வெள்ளைச் சட்டை போட்டது. எது தேவலை என்று அவர் பார்க்காத வீடியோ இல்லை. எல்லாவற்றிலும் ஒருவன் கத்தினான்: "வணக்கம் மக்களே! ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா? இருக்கு மக்களே! கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது மக்களே!"

மக்களில் ஒருவரான பிளான்காரர் மூணு விசிறியில் விழுந்துவிட்டார்.

மனைவியை விழவைக்க அவரிடம் ஓர் உத்தி இருந்தது. முதலில் மயக்கம் வரும் விலையில் ஒன்றைக் காட்ட வேண்டும். அடுத்து, முகம் சுளிக்கும்படி ஒன்று. கடைசியில், நாம் தள்ள நினைக்கும் சரக்கு. எதிராளி தானாக வந்து விழுவார். இந்த உத்தி தன் மூளையிலேயே சுயம்புவாக முளைத்தது என்று அவர் மனதார நம்பினார். அவர் மனைவிக்குத் திரைச்சீலைக் கடையில் விற்பனை வேலை. தினமும் சாப்பிடும்போது கடைக் கதையைச் சொல்வார். இவர் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவார். எந்த "ம்"முக்கும் எந்த "ம்"முக்கும் நடுவில் அந்த உத்தி காதுக்குள் இறங்கியதோ, அது அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. அம்மணி வெந்நீர் வாளிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். வாரம் முழுக்க நின்ற கால்.

"என்னங்க, விக்க வந்தவங்க மாதிரி வாசப்படியில நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கார்டு விஷயமா உன் அபிப்பிராயம் கேக்கலாம்னு..."

"என் அபிப்பிராயமா?" அதிர்ச்சியில் ஒரு கால் வாளியை விட்டு வெளியே வந்துவிட்டது.

அவர் போனை நீட்டினார். "முதல்ல இதைப் பாரு. வெள்ளைக் கலரு."

"இது கார்டு விலையா, கார் விலையா?"

"அதானே! பகல் கொள்ளை! தள்ளு." அடுத்த படத்துக்கு விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு போனார். "இது ஒத்தை விசிறி. குளியலறைச் சுவத்துலேர்ந்து கழட்டின மாதிரி இருக்கு. நம்ம வீட்டுக்கு இதெல்லாம்..."

"உள்ள இருக்கற சிப்பு?"

"அது... எல்லாத்துலயும் ஒண்ணுதான்." சட்டென்று மூன்றாவதைக் காட்டினார். "இதைப் பாரு! மூணு விசிறி! ஓசி மாடல்!"

"ஓசியா? அப்புறம் எதுக்குங்க பணம் கேக்கறான்?"

"ஐயோ, ஓவர் கிளாக்கும்மா! வேகத்தை ஏத்தி விட்டிருப்பான்."

"எவ்வளவு?"

"நூத்துக்கு ரெண்டு பங்கு."

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உணரணும்." அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "நல்ல ஃபினிஷிங். எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க, மேடம்."

மேடம்!

தொலைந்துபோன தன் குடையை அடுத்தவர் கையில் பார்த்ததுபோல அம்மணி அவரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கடைக்கு வருகிறவர்கள் அறிவார்கள். பிளான்காரர் அந்தக் கடைப் பக்கமே போனதில்லை.

"ஆசைப்பட்டுட்டீங்க. மூணு விசிறியே வாங்குங்க."

அவர் நெஞ்சுக்குள் மூன்றும் சேர்ந்து சுற்றின.

"ஆனா எனக்கும் ஒரு சாய்வு நாற்காலி வேணும். நாள் பூரா நிக்கறேன். ரெண்டுக்கும் பணம் பத்தாது. அதுக்கு மூணு வழி யோசிச்சு வெச்சிருக்கேன்."

"சொல்லும்மா, சொல்லு."

"கீழ்வீட்டு டிரம்பெட் வாத்தியாருக்கு நம்ம கம்ப்யூட்டர் ரூமை வாடகைக்கு விட்டுடலாம். சாயங்காலமானா ஒரு பட்டாளமே வந்து ஊதுமாம். கம்ப்யூட்டரைத் துணி துவைக்கற மிஷின் பக்கத்துல போட்டுக்கலாம். வாடகை வந்தா உங்க மூணு விசிறியும் ஆச்சு, என் நாற்காலியும் ஆச்சு."

பெப்பே... பெப்பெப்பே... என்று ஒரு பட்டாளம் அவர் மண்டைக்குள் ஊதியது. மிஷின் தடதடவென்று குதித்தது. நடுவில் மழையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார் அவர்.

"ரெண்டாவது வழி?"

"எதுவுமே வாங்க வேணாம். பணத்தை பேங்க்ல போட்டுப் பூட்டிடலாம்."

"மூணாவது?"

"அது சரிப்படாதுங்க. ஒத்தை விசிறி வாங்கிட்டு, மிச்சத்துல நாற்காலி. உங்களுக்குத்தான் அது பிடிக்கலையே. குளியலறை விசிறின்னு..."

"யாரு சொன்னா? சிப்பு ஒண்ணுதானேம்மா! ரெண்டு பங்கு வேகத்தை எவன் உணர்ந்தான்? மூணு விசிறின்னா தூசி அடையறதும் மூணு மடங்கு! ஒத்தை விசிறிதான் லட்சணம்!"

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன்!" சொல்லிவிட்டு, ரூமைக் காப்பாற்றிய வீரனாக நெஞ்சை நிமிர்த்தினார்.

அடுத்த வாரம் நாற்காலியை இரண்டு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள். கார்டு பிளான்காரரின் சட்டைப் பைக்குள் வராத குறையாக வந்தது. படிக்கட்டுக்குக் கீழே டிரம்பெட் வாத்தியார் எதிர்ப்பட்டார்.

"மன்னிச்சுக்கணும் சார். ரூமை எங்களால குடுக்க முடியலை."

"எந்த ரூம் சார்? மாடி ஏறினா எனக்கு மூச்சு வாங்கும்னுதானே கீழ்வீடே பிடிச்சேன்!"

பிளான்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி வீட்டுக்குள் வந்தார். அம்மணி புது நாற்காலியில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, கண்ணை மூடியிருந்தார்.

"அந்த வாத்தியார் ரூமே கேக்கலையாமே!"

அம்மணி கண்ணைத் திறக்கவில்லை.

"முதல்ல காட்டறதெல்லாம் ஸ்டாக்குல இருக்காது, சார்."