தொண்ணூற்றெட்டு மார்க் எடுத்த குவாட்டர்பேக்

அமெரிக்கன் ஃபுட்போலை மேசையில் இருந்து படித்தே பாஸ் பண்ணலாம் என்று நம்பியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை நாங்கள் பேப்பர் மாஸ்டர் என்போம். யாழ்ப்பாணத்தில் கணக்கு டியூஷன் கொடுத்தவர், லண்டன் வந்து குட்மேய்ஸ் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்தார்.

எண்பதுகளில் அந்த விளையாட்டை டிவியில் காட்டத் தொடங்கியபோது, ஹெல்மெட்டைக் கண்டதுமே எங்கள் சனம் சானலை மாற்றியது. மாஸ்டர் மாற்றவில்லை. திரையில் ஒருவர் வட்டமும் புள்ளடியும் அம்புக்குறியும் கீறி விளக்குவதைப் பார்த்தவர், "இது விளையாட்டில்லை, ஜியோமெட்ரி" என்று எழும்பியே நின்றுவிட்டாராம்.

பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பூங்காவில் எங்கள் பொழுதுபோக்கு அணி விளையாடி வந்தது. தலைமைப் பயிற்சியாளர் பிரையன் ஒரு பிளம்பர், கத்த மட்டும் தெரியும். நூற்றுப்பத்து ஆட்ட வியூகங்கள் கீறிய கொப்பியோடு மாஸ்டர் போய் நின்றதும், பந்து எங்கள் கையில் இருக்கும்போது என்ன செய்வது என்பதை முழுதாக அவரிடமே கொடுத்துவிட்டார் பிரையன்.

நான்தான் குவாட்டர்பேக். எனக்குப் பத்தொன்பது வயது. பந்து முதலில் என் கைக்கு வரும். எதிரணிக்காரர் நாலு பேர் என்மேல் விழுவதற்குள், யாருக்கு எறிவது என்று பார்த்து எறிய வேண்டும். அதற்குக் கிடைப்பது மூன்று செக்கன்.

மாஸ்டர் எங்களைப் பழக்கிய முறை என்னவென்றால், புதன்கிழமை தோறும் உடை மாற்றும் அறையில் எழுத்துப் பரீட்சை. பகுதி ஒன்று, பகுதி இரண்டு, சிவப்புப் பேனா எல்லாம் உண்டு. ஃபெயில் விட்டால் வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். லீரோய் என்ற போஸ்ட்மேன், நாற்பது வயது, கதவளவு ஆள். முப்பத்தொரு மார்க் எடுத்துவிட்டு மனைவியிடம் கையெழுத்து வாங்கி வந்தார்.

நான் தொண்ணூற்றெட்டு எடுத்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு கீறாததற்கு இரண்டு வெட்டு.

மைதானத்தில் பந்து கைக்கு வந்ததும், 'கேள்வி பதினான்கு, பகுதி இரண்டு, முதலில் இடப்பக்கம்' என்று யோசிப்பேன். யோசித்து முடிக்க வானம் தெரியும். மல்லாந்து கிடப்பேன்.

"மாஸ்டர், அவங்கள் கொப்பியில இருக்கிற மாதிரி நிக்கேல்லை."

"அது அவையின்ர பிழை."

மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றோம். அடுத்த ஞாயிறு எனக்குப் பதிலாக லொறி ஓடும் டெரிக் எறிவான் என்றார் பிரையன். கொலிஜ்ஜில் என் பெயரைச் சொல்லக்கூட ஒருத்தருக்கும் வராது. இங்கே பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நாட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வீட்டுக்குப் போய் பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மாஸ்டர் என் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டு பிரையனிடம் போனார். மாணவன் நல்லவன், பாடத்திட்டம்தான் பிழை, இந்த முறையும் தோற்றால் அவனோடு என்னையும் நிறுத்து என்றார். சரி, இன்னும் ஒரு ஞாயிறு என்றார் பிரையன். பாடத்திட்டம் பிழை என்று ஒரு டியூஷன் மாஸ்டர் ஒத்துக்கொண்டதை அன்றுதான் கேட்டேன்.

அந்தப் புதன் பரீட்சை இல்லை. கொப்பியில் ஐந்து வியூகங்களை மட்டும் விட்டுவைத்தார். ஒவ்வொரு எறிக்குப் பிறகும் குடையோடு வந்து ஒரே கேள்வி.

"என்ன கண்டனீர்?"

"கொப்பியில அந்த இடத்தில..."

"கொப்பியை விடும். கண்ணால என்ன கண்டனீர்?"

ஒன்பது தடவை கொப்பியையே ஒப்புவித்தேன். பத்தாவது தடவை சொன்னேன், "வலப்பக்கம் நிக்கிறவன் நொண்டுறான்." மாஸ்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஞாயிறு ஆட்டத்தில் கடைசி எறி. நாங்கள் நாலு புள்ளி பின்னால். வலப்பக்கம் எறியச் சொல்லி அனுப்பினார் மாஸ்டர். வலப்பக்கம் மூன்று பேர் காத்து நின்றார்கள். எதிராளியை மறிக்கப் போன லீரோய் வழுக்கி விழுந்து எழும்பி, நடுவில் தனியே நின்றார். அந்த ஆள் பந்து பிடிப்பார் என்று யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். எறிந்தேன். லீரோய் பந்தை வயிற்றோடு அணைத்து, முதுகில் இருவரைச் சுமந்தபடி கோட்டைத் தாண்டி விழுந்தார். அதற்கு ஆறு புள்ளி. வென்றுவிட்டோம்.

பிரையன் என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்கோ மாஸ்டரின் முகத்தைப் பார்க்கப் பயம்.

"மாஸ்டர், நீங்கள் சொன்னதை நான் செய்யேல்லை."

"ஓம், பாத்தனான். லீரோய் தனிய நிண்டதை எப்ப கண்டனீர்?"

"அவர் விழுந்து எழும்பேக்க."

"நான் காணேல்லை தம்பி. முதல்ல இருந்து வடிவாச் சொல்லும்."

பெற்றோல் ஸ்டேஷன் யூனிஃபோமோடு அப்படியே ஈரப் புல்லில் குந்தி, பென்சிலை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல, பள்ளிப் பிள்ளை மாதிரி எழுதினார். அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மெல்ல மெல்லவே சொன்னேன். அவரை எழும்ப விட எனக்கு மனம் வரவில்லை.